கோடைத் தோட்டத்தின் வாசலில் ஐந்து நாள்

முதல் நாள் – ஏப்ரல் 28

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் கோடைத் தோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே அதிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ரஷ்யர்கள் அதை 'லெத்னி சாத்' என்கிறார்கள். காலையில் நேவா ஆற்றின் கரைச்சாலை வழியாக நடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசல் பூட்டிக் கிடந்தது. கதவில் மாட்டியிருந்த அறிவிப்பைக் கைப்பேசியின் துணையோடு படித்த பிறகுதான், ஏப்ரல் மாதம் முழுவதும் தோட்டத்தை உலர்வதற்காக மூடி வைத்திருப்பார்கள் என்பது தெரிந்தது. பயணத்தை ஏற்பாடு செய்து தந்தவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே குற்றத்தில் பாதி என்னுடையது.

இந்த நகரம் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்தது. குளிர்காலப் பனி உருகும் ஏப்ரலில் தோட்டத்து மண் நீர் குடித்து ஊறிக் கிடக்கும். அந்த நிலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தால் பாதைகள் சேறாகிவிடும், மரங்களின் வேரடி மண்ணும் மிதிபட்டு இறுகிவிடும். எனவே ஆண்டுதோறும் ஒரு மாதம் மனிதக் காலடி படாமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கம் நல்ல வழக்கந்தான். எட்டாயிரம் ரூபாய் கொடுத்து அறை எடுத்தவனுக்கு அதை உடனே பாராட்டத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தோட்டத்தை வெளியில் நின்று பார்ப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. இதன் வேலியே தனிப் புகழ் பெற்றது. 1771 முதல் 1784 வரை கட்டப்பட்ட இந்த நேவா கரை வேலியை வடிவமைத்தவர்கள் யூரி வெல்டனும் பியோத்தர் யெகோரோவும் ஆவர். இளஞ்சிவப்புக் கருங்கல்லில் 36 தூண்கள் நிற்கின்றன. நான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். தூண்களின் தலையில் கல் ஜாடிகள் அமர்ந்திருக்க, இடையில் தூலா நகரத்துக் கொல்லர்கள் அடித்துக் கொடுத்த இரும்புக் கம்பிகள் ஈட்டி போல நேராக நிற்கின்றன. பூ வேலைப்பாடு வெகு குறைவு. அளவுகள் மட்டும் சரியாக அமைந்து அழகைத் தந்துவிட்டன. இந்த வேலியைப் பார்ப்பதற்காகவே கப்பலேறி வந்த ஓர் ஆங்கிலேயர், கரையில் இறங்காமல் தளத்தில் நின்றே பார்த்துவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்று திரும்பிப் போய்விட்டாராம். கதைதான் என்றாலும், இன்றைய என் நிலைமைக்கு அந்த ஆங்கிலேயர் நல்ல துணை.

நடு வாசலருகே கொஞ்ச நேரம் நின்றேன். 1866 ஏப்ரல் 4 அன்று (பழைய நாள்காட்டிக் கணக்கில்) தோட்டத்தில் உலாவிவிட்டு வெளியே வந்த பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரை திமித்ரி கரகோசொவ் என்னும் இளைஞர் இங்கேதான் சுட்டார். குண்டு தவறியது. கூட்டத்தில் நின்ற கமிசாரொவ் என்னும் தொப்பி தைக்கும் தொழிலாளி கையைத் தட்டிவிட்டதால்தான் தவறியது என்று அறிவித்து, அவரைப் பிரபுக்கள் வரிசையில் சேர்த்தார்கள். கரகோசொவ் தூக்கிலிடப்பட்டார். அரசர் உயிர் பிழைத்ததற்கு நன்றியாக வேலியின் நடுப்பகுதியை அகற்றி ஒரு சிறு வழிபாட்டுக் கூடம் கட்டினார்கள். 1930-இல் அதை இடித்து வேலியைப் பழையபடி இணைத்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஒட்டுப் போட்ட அடையாளம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆற்றில் லடோகா ஏரியிலிருந்து புறப்பட்ட பனிப்பாளங்கள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. திரும்பி வரும் வழியில் ஒரு தெருமுனையில் பெட்டி பெட்டியாகச் சிறு வெள்ளி மீன்களை விற்றார்கள். 'கோர்யுஷ்கா' என்று பெயர். குனிந்து முகர்ந்தபோது, அப்போதுதான் நறுக்கிய வெள்ளரிக்காயின் வாசனை அடித்தது. மீனில் அந்த வாசனையை நான் இதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாம் நாள் – ஏப்ரல் 29

தோட்டத்துக்குள் போக முடியாதவன் தோட்டத்திலிருந்து வெளியே போனவர்களைத் தேடிப் போவது என்று முடிவு செய்து, இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அங்கே பழங்காலச் சிற்பக் கூடத்தில் கைகள் உடைந்த, சலவைக்கல்லில் ஆன ஒரு வீனஸ் தேவதை நிற்கிறாள். பிற்காலத்தில் தவ்ரீதா அரண்மனையில் இருந்ததால் 'தவ்ரீதா வீனஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ரஷ்யாவில் அவள் முதலில் நின்ற இடம் கோடைத் தோட்டம்.

தோட்டத்தின் தொடக்கத்தைச் சொன்னால்தான் அவள் வந்த கதை விளங்கும். 1703-இல் ரஷ்ய அரசர் முதலாம் பீட்டர் இந்த நகரத்துக்கு அடிக்கல் இட்டார். ஸ்வீடனோடு போர் நடந்துகொண்டிருந்தது. கைப்பற்றிய நிலம் கையில் நிலைக்குமா என்பதே உறுதியில்லை. நேவா ஆற்றங்கரையில் முன்பு கொனாவ் என்ற ஸ்வீடன் படை அதிகாரி ஒருவருக்குச் சொந்தமாயிருந்த பண்ணை நிலத்தைப் பீட்டர் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1704 மார்ச் மாதத்தில், இஸ்மாயிலோவோ அரச பண்ணையிலிருந்து பூச்செடிகளைக் கொஞ்சமாக அல்லாமல் நிறையவே அனுப்பும்படியும், அவற்றில் மணமுள்ளவையே அதிகம் இருக்க வேண்டும் என்றும் மாஸ்கோவுக்குக் கடிதம் எழுதினார். கோட்டை மதிலே முடியாத ஊரில், பீரங்கி கேட்க வேண்டிய மனிதர் வாசனைப் பூக் கேட்டிருக்கிறார். அந்த 1704-ஐத்தான் தோட்டம் பிறந்த ஆண்டாகக் கணக்கிடுகிறார்கள். பின்னர் ஹாலந்திலிருந்து லிண்டன் மரங்களும் தோட்டக்காரர் யான் ரோசனும் வந்தார்கள். 1716-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெப்லோன் வந்து கோடு கிழித்தாற்போன்ற பாதைகளுக்கும் கத்தரித்த செடிச் சுவர்களுக்கும் வரைபடம் போட்டார்.

வீனஸ் 1719-இல் ரோமில் வாங்கப்பட்டாள். பீட்டரின் முகவரான யூரி கொலோகிரிவோவ் வாங்கிய சிலையை நகர ஆட்சியாளர் வெளியே விட மறுக்க, பேச்சு போப்பாண்டவர் பதினோராம் கிளெமென்ட் வரை போய், கடைசியில் அனுமதி கிடைத்தது. அந்நாளில் தோட்டத்தின் வடக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டே நேவா ஓடியது. இன்றைய கரைச்சாலை அப்போது கிடையாது. விருந்தாளிகள் படகில் வந்து இறங்கும் இடத்திலிருந்த தூண் மண்டபத்தில் வீனஸை நிறுத்தி, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலரையும் நிறுத்தினார் பீட்டர். தேவாலயத்தில் சித்திரங்களை மட்டுமே கண்டு பழகியவர்களுக்கு ஆடையற்ற கல் பெண் அதிர்ச்சியாக இருந்தாள். 'வெள்ளைப் பிசாசு' என்றே அவளைப் பழித்தார்கள்.

வந்தவர்கள் விருப்பத்தோடுதான் வந்தார்களா என்பதையும் யோசிக்க வேண்டும். ஹோல்ஸ்டைன் பிரபுவோடு வந்து 1721 முதல் சில ஆண்டுகள் ரஷ்யாவில் இருந்த பெர்க்ஹோல்ஸ் என்ற அரசவை ஊழியர் தம் நாட்குறிப்பில் இத்தோட்டத்து விருந்துகளை விவரித்திருக்கிறார். காவல் படை வீரர்கள் பெரிய தொட்டிகளில் தானியச் சாராயத்தைச் சுமந்துகொண்டு வருவார்களாம். அதன் நெடி முதலில் வரும், ஆட்கள் பின்னால் வருவார்கள். அரசரின் நலத்துக்கு எல்லோரும் குடித்தாக வேண்டும். யாரும் நழுவிவிடாதபடி வாசல்களில் காவல் போட்டிருப்பார்கள். என்னை உள்ளே விடாத அதே தோட்டம் ஒரு காலத்தில் உள்ளே வந்தவர்களை வெளியே விடாமல் வைத்திருந்தது என்று நினைத்தபோது, நேற்றைய வருத்தம் ஓரளவு குறைந்தது.

மூன்றாம் நாள் – ஏப்ரல் 30

மிஹாய்லோவ்ஸ்கி கோட்டை தோட்டத்துக்கு நேர் தெற்கே, மோய்கா ஆற்றின் மறு கரையில் நிற்கிறது. முன்பு இதே மனையில் எலிசவேத்தா பேரரசிக்காகக் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி கட்டிய மர அரண்மனை இருந்தது. 1754-இல் அதில் பிறந்த பவெல், அரசரானதும் அதை இடித்துவிட்டு, கொலைகாரர்களுக்கு அஞ்சி அகழியோடு இந்தக் கோட்டையைக் கட்டிக் குடியேறினார். நாற்பது நாளில், 1801 மார்ச்சில், உள்ளேயே கொல்லப்பட்டார்.

நான் வந்தது பவெலுக்காக அல்ல. தோட்டத்தின் அசல் சலவைக்கல் சிலைகள் இப்போது இங்கேதான் இருக்கின்றன. 2009 முதல் 2012 வரை நடந்த பெரும் சீரமைப்பின்போது அசல் சிலைகளைக் கூரைக்குள் கொண்டுவந்துவிட்டு, தோட்டத்தில் செயற்கைச் சலவைக்கல் பிரதிகளை நிறுத்தினார்கள். அசல் சிலைகள் பெரும்பாலும் வெனிஸ் நகரத்துப் பட்டறைகளில் உருவானவை; பீட்டருக்காக அவற்றை வாங்கி அனுப்பியவர் சவா ரகுசின்ஸ்கி என்ற வணிகர். பரத்தா, தார்சியா, போனாட்சா ஆகிய சிற்பிகளின் உளி வேலை.

ஒரு சிலையின் முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தூரத்தில் வழவழப்பாகத் தெரிந்த கன்னம் அருகில் சர்க்கரைக் கட்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாற்போல் நுணுக்கமாக அரித்துக் கிடந்தது. மூக்கு நுனியிலும் உதட்டிலும் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்; ஒட்டிய கல் அசலைவிடச் சற்று வெளுப்பு. இத்தாலிய வெயிலுக்குப் பழகிய கல், முந்நூறு ஆண்டுகள் ஈரத்திலும் உறைபனியிலும் நின்றிருக்கிறது. நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது விரிந்து, உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடுகிறது.

கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த காவலர் அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய சிறிதளவு ஆங்கிலத்திலும் என் கைப்பேசி மொழிபெயர்ப்பிலும் ஓர் உரையாடல் நடந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது இலையுதிர் காலம் வந்ததும் ஒவ்வொரு சிலையையும் மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்களாம். பனியில் வரிசையாக நிற்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிகளைப் பார்த்துத்தான் குளிர்காலம் வந்துவிட்டது என்று அறிவாராம். "நாளை திறக்கிறார்கள், போவீர்களா?" என்று கேட்டேன். "எங்கள் தோட்டம் நிழலான தோட்டம். இப்போது இருப்பது பீட்டரின் தோட்டம். எனக்குப் பீட்டரைத் தெரியாது" என்றார்.

நான்காம் நாள் – மே 1

திறந்துவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. தெற்கு வாசல் வழியாக, கிரேக்கக் கதைகளின் பாம்புக் கூந்தல் மெதூசாவின் தலைகள் பதித்த வேலியைக் கடந்து, குழந்தைகளும் முதியவர்களுமாகத் திரண்ட கூட்டத்தோடு நானும் உள்ளே போனேன். வாசலுக்கு எதிரே மீன்குளத்தின் அருகில் ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்த பெரிய கல் ஜாடி ஒன்று நிற்கிறது. ஸ்வீடன் அரசர் பதினான்காம் கார்ல் யோஹான், முதலாம் நிக்கொலாய் பேரரசருக்கு அனுப்பிய பரிசு இது. இங்கே நிறுத்திய ஆண்டு 1839. தோட்டத்தின் மறுகோடியில், பீட்டரின் அரண்மனைக்கு முன்னால், 'அமைதியும் வெற்றியும்' என்ற சிற்பத் தொகுதி நிற்கிறது. 1721-இல் ஸ்வீடனோடு செய்த நீஷ்தாத் அமைதி உடன்படிக்கையைக் கொண்டாடுவதற்காகப் பரத்தா செதுக்கியது. அதில் வெற்றித் தேவதையின் காலடியில் கிடக்கும் சிங்கம் ஸ்வீடன்தான். தங்கள் நிலத்திலேயே தங்கள் சிங்கத்தை மிதிக்கும் தோட்டத்துக்கு ஜாடி அனுப்பிய அரசரின் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

தோட்டம் சுமார் 12 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு தீவு. வடக்கே நேவா, கிழக்கே ஃபொந்தான்கா, தெற்கே மோய்கா, மேற்கே அன்னக் கால்வாய் என நான்கு புறமும் நீர். ஃபொந்தான்காவுக்கு முதலில் 'பெயரில்லா ஓடை' என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. இந்தத் தோட்டத்து நீரூற்றுகளுக்கு நீர் கொடுத்ததால் நீரூற்றைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து இன்றைய பெயர் அதற்கு வந்தது. பீட்டருக்கு நீரூற்றுகளின்மேல் அடங்காத ஆசை. சுமார் ஐம்பது ஊற்றுகள் இங்கே பாய்ந்திருக்கின்றன. ஆற்று நீரின் அழுத்தம் போதாமற்போகவே, 1718 முதல் 1721 வரை, இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து லிகா ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஊற்றுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இன்று இல்லாத ஊற்றுகள். செடிச் சுவர்களுக்கிடையே சுற்றிச் சுற்றிச் செல்லும் புதிர்ப்பாதை ஒன்று இங்கே இருந்தது. அதன் திருப்பங்களில் ஈசாப் நீதிக்கதைகளின் விலங்குகள் ஈயத்தில் வார்த்து, தங்க முலாம் பூசப்பட்டு, வாயால் நீரை உமிழ்ந்துகொண்டு நின்றன. பிரான்சின் வெர்சேயில் பார்த்த வடிவத்தைப் பின்பற்றிச் செய்தார்கள். நுழைவில் ஈசாப்பின் உருவம். ஒவ்வொரு விலங்குக்கும் அருகே கம்பத்தில் கதையையும் அதன் பொருளையும் எழுதிய தகடு. சாராயம் குடிக்க வைத்தது போலவே கதை படிக்கவும் வைத்திருக்கிறார், மனிதர்.

1777 செப்டம்பரில் வந்த வெள்ளம் மரங்களைச் சாய்த்து, சிலைகளை உடைத்து, ஊற்றுகளைப் பாழாக்கியது. அப்போதைய பேரரசி இரண்டாம் கேத்தரின் அவற்றைச் சீர்செய்யவில்லை. இயற்கையாக வளர்ந்தது போலத் தோன்றும் ஆங்கிலப் பாணித் தோட்டமே அவருக்கு உவப்பானது. பீச்சியடிக்கும் நீரூற்றுகள் நீரின் இயல்புக்கு மாறாக அதைச் சித்திரவதை செய்வதாக அவர் கருதினார். குழாய்களைப் பிடுங்கினார்கள், குழிகளை மூடினார்கள். கத்தரிப்பை நிறுத்தியதும் லிண்டன்கள் தம் விருப்பப்படி உயர்ந்தன. நேற்றைய காவலர் அம்மையார் 'எங்கள் தோட்டம்' என்றது இப்படி அலட்சியத்தால் உருவான நிழலைத்தான். அந்த நிழலும் எளிதாக நிலைக்கவில்லை: 1924 செப்டம்பர் வெள்ளம் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்திருக்கிறது.

2012-இல் எட்டு ஊற்றுகளையும், செடிச் சுவர்களையும், மரச்சட்டத் தடுப்புகளையும், பறவை முற்றத்தையும் பழைய வரைபடங்களையும் அகழாய்வையும் கொண்டு திரும்பக் கட்டினார்கள். அவற்றினூடே ஒரு மணி நேரம் நடந்தேன். வேலை சுத்தம். ஆனால் மரச்சட்டத் தடுப்புகள் பார்வையை வெட்டுகின்றன. ஒரு காலத்தில் தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மரங்களினூடே கண் ஓடியிருக்கும், இப்போது பத்தடிக்கொரு சுவர். பழைய நிழல் எப்படி இருந்திருக்கும் என்று தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. மே முதல் நாளில் லிண்டன் கிளைகளில் மொட்டுகள் மட்டுமே இருந்தன.

போனாட்சாவின் 'இரவு' சிலையைத் தேடிக் கண்டுபிடித்தேன். நட்சத்திரங்கள் பதித்த மேலாடை, தலையில் கசகசாப் பூ மாலை, காலடியில் ஓர் ஆந்தை. 1941-இல் ஜெர்மானியப் படை நகரை நெருங்கியபோது இந்தத் தோட்டத்துச் சிலைகளை எல்லாம் தோட்டத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். நகரம் 872 நாள் முற்றுகையில் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது அவை மண்ணுக்கடியில் கிடந்தன. இந்த ஊர்க் கவிஞர் அன்னா அக்மதோவா வெகு தொலைவில் தாஷ்கந்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1942-இல் அங்கிருந்தபடி, புதைபட்ட இந்த 'இரவை'த் தம் மகளாக விளித்து ஒரு கவிதை எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்த இவள் பிரதி. மண்ணுக்குள் கிடக்காதவள். கசகசாப் பூவின் ஓரங்கள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன.

ஐந்தாம் நாள் – மே 2

காலையில் பீட்டரின் கோடை அரண்மனை. கட்டடக் கலைஞர் ட்ரெசினி 1710 முதல் 1714 வரை கட்டியது. இரண்டு தளங்களில் பதினான்கு அறைகள். அரண்மனை என்ற சொல்லைக் கேட்டு வருபவர் ஏமாந்துபோவார். வசதியான ஒரு டச்சு வணிகரின் வீடு என்றே தோன்றுகிறது. ட்ரெஸ்டனில் செய்து வரவழைத்த காற்றுமானி ஒன்று உண்டு. கூரைமேல் உள்ள காற்றுத் திசைகாட்டியோடு இணைக்கப்பட்ட அதன் முள், காற்றின் திசையை அறைக்குள் இருந்தபடியே காட்டும். மேற்குக் காற்றுதான் கடலை ஆற்றுக்குள் தள்ளி இந்த ஊருக்கு வெள்ளம் கொண்டுவருவது. முள்ளைப் பீட்டர் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பாதையோரப் பெஞ்சில் உட்கார்ந்து, யார் யார் இங்கே உட்கார்ந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எலிசவேத்தா காலத்திலேயே பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் அந்தப் 'பொது' குறுகலானது. முதலாம் நிக்கொலாயின் ஆணை வெளிப்படையானது: படைவீரர்களும் நன்கு உடுத்தியவர்களும் உலாவலாம், குடியானவர்களைப் போன்ற சாமானியர்கள் தோட்டத்தைக் கடந்து செல்லவும் கூடாது. இதே ஆட்சியில்தான், 1834 கோடையில், அருகில் குடியிருந்த கவிஞர் புஷ்கின் இத்தோட்டத்தைத் தம் வீட்டுக் காய்கறித் தோட்டம் என்று மனைவிக்கு எழுதினார். படுக்கையை விட்டு எழுந்து, வீட்டு அங்கியும் செருப்புமாகவே இங்கே வந்துவிடுவாராம். உணவுக்குப் பின் உறக்கமும் படிப்பும் எழுத்தும் இங்கேதான். நன்கு உடுத்துவது பற்றிய ஆணை வீட்டு அங்கிக்குப் பொருந்தவில்லை போலும். ஆள் யார் என்பதைப் பொறுத்து உடை நல்ல உடையாகிவிடுகிறது. வணிகர் குடும்பங்கள் திங்கட்கிழமைத் திருநாள் ஒன்றில் தம் பெண்களை நகையோடு பாதையோரம் வரிசையாக நிறுத்தி வைக்க, மாப்பிள்ளை வீட்டார் எதிரே நடந்து பார்த்துப் போகும் வழக்கமும் இதே பாதைகளில்தான் நடந்தது. குடியானவருக்கு வாசல் உண்மையிலேயே திறந்தது 1917 புரட்சிக்குப் பிறகு.

கூட்டம் மிகுந்திருந்த இடம் தேநீர் மாளிகையின் அருகே, நீதிக்கதைக் கவிஞர் கிரிலோவின் வெண்கலச் சிலை. பியோத்தர் க்ளோத் செய்து 1855-இல் நிறுவியது. பணம் பொதுமக்கள் கொடுத்தது. கவிஞர் கையில் புத்தகத்தோடு தொளதொளத்த கோட்டில் அமர்ந்திருக்கிறார். பீடத்தின் நான்கு பக்கமும் அவர் கதைகளின் விலங்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றை வடிப்பதற்காகவே க்ளோத் தம் வீட்டில் கரடிக்குட்டி வரை உயிருள்ள விலங்குகளை வளர்த்தார். ஈசாப்பின் ஈய விலங்குகள் வெள்ளத்தோடு போய் எண்பது ஆண்டுகள் கழிந்து, அதே தோட்டத்துக்கு வெண்கலத்தில் வேறு விலங்குகள் வந்து சேர்ந்திருக்கின்றன. இம்முறை யாரும் வற்புறுத்தவில்லை. நான்கு வயதிருக்கும் ஒரு பையன் வேலிக்கம்பிகளினூடே விரல் நீட்டி, குரங்கு, நரி, கொக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான்; ஒன்றைத் தவறாகச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பாட்டி ஒருவர் திருத்தினார். திருத்தத்தை அவன் ஏற்கவில்லை.

மாலையில் மாஸ்கோ ரயிலுக்காக நிலையம் நோக்கி லிகோவ்ஸ்கி சாலையில் வண்டியில் போனேன். பீட்டரின் ஊற்றுகளுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய் இதுதான். ஊற்றுகள் போன பிறகு வேலையில்லாமல் நாறிக் கிடந்த அதை 1890களில் மூடி, மேலே சாலை போட்டுவிட்டார்கள். கால்வாய் அளவுக்கு அகலமான சாலை. நடுவே தண்டவாளத்தில் டிராம் போய்க்கொண்டிருந்தது.